சிலபஸைக் கேட்காதீர்கள், திருத்திய தாளைக் கேளுங்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோருக்கு,



உங்களில் சிலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். ஆறாவதிலிருந்து எட்டாவது படிக்கும் வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் இலக்கியமும் சொல்லித்தர எந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ப்பது? கணக்குக்கும் அறிவியலுக்கும் காணொளி, பயிற்சித்தாள் என்று ஏதோ ஒரு வழி பிடித்துவிட்டீர்கள். எழுத்தில்தான் தடுமாற்றம். பிள்ளை எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு அம்மா "நல்லாருக்கு கண்ணு" என்கிறார். அப்பா எழுத்துப்பிழைக்கு வட்டம் போடுகிறார். அதற்கு மேல் என்ன செய்வது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. டெமோ கிளாஸ் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. டெமோ நன்றாக இல்லாமல் எவனாவது கடை திறப்பானா?

பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து வருஷக்கணக்கில் கட்டுரை நோட்டு திருத்தியவள் நான். எந்தக் கம்பெனிக்காகவும் இதை எழுதவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எழுத்தில் எது குறைகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காசு கொடுத்து வாங்குவது என்று தெரியும். என் கணிப்பில், குறைவது வாசகர்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வேண்டாம் என்றாலும் வாசகர்கள் உண்டு. பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்துச் சிரிப்பான். அலுத்துப்போன டீச்சர்கூட எங்காவது ஓரிடத்தில் "இது யாரு?" என்று கேட்டுவைப்பார். உங்கள் பிள்ளைக்கு இருப்பது இரண்டு வாசகர்கள். இரண்டு பேருக்கும் அவன்மேல் பாசம். அதைவிடச் சிக்கல், அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். "போன வாரம் படகில் போனோம், அண்ணன் பயந்துட்டான்" என்று அவன் எழுதினால், அது பிச்சாவரம் படகு, அந்த அண்ணன் சித்தி மகன், பயந்தது கிளை தலையில் இடித்ததால் என்று அம்மா தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். எழுத்தில் இருக்கும் ஓட்டை அவர் கண்ணில் படாது. கூட வராத ஒருவர் படித்து "எந்தப் படகு? ஏன் பயம்?" என்று கேட்கும்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும். அந்த அந்நியருக்குத்தான் நீங்கள் ஃபீஸ் கட்டப்போகிறீர்கள்.

இதைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் உடனே ஜெயகாந்தனை இழுப்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பிறகு 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடமும் வாங்கியவர். அவர் எந்த ஆன்லைன் வகுப்புக்குப் போனார் என்று கேட்பார்கள். போகவில்லைதான். ஆனால் சிறுவயதிலேயே சென்னைக்குப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு தங்கி, கட்சி அச்சகத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். நாள் முழுக்கப் பேச்சு, வாதம், பத்திரிகைப் படி, அச்சுக்கோப்பு, "இதை ஏன் இப்படிச் சொன்னாய்" என்று மடக்கும் பெரியவர்கள். பள்ளியை விட்டாரே தவிர, வாசகர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில் போய் விழுந்தார். உங்கள் கூடத்தில் அது கிடையாது. ஜெயகாந்தனைச் சொல்லி வகுப்பே வேண்டாம் என்பவர்கள் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எழுத்து வகுப்பு நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் திருத்திய ஒரு பிள்ளையின் தாளை. பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிலபஸ் அட்டவணை, சான்றிதழ் மாதிரி, பெற்றோர் பாராட்டு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தாளில் என்ன பார்ப்பது? ஒரு உதாரணம் வைத்துப் பேசுவோம். பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படி எழுதுகிறாள்: "பலாப்பழம் முக்கனிகளுள் ஒன்று. பண்ருட்டி பலாப்பழத்துக்குப் பெயர் பெற்றது. என் மாமா பலா மண்டி வைத்திருக்கிறார். பலாப்பழம் மிகவும் சுவையாக இருக்கும். அதில் பல சத்துகள் உள்ளன." ஒரு வகுப்பில் இதற்கு வரும் திருத்தம்: "நன்று. முடிவுரை சேர்க்கவும். 7/10." இன்னொரு வகுப்பில் வருவது: "மாமா மண்டி வைத்திருக்கிறார் என்று மூன்றாவது வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டாயே! பழம் பழுத்துவிட்டது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதை மட்டும் பத்து வரி எழுதி அனுப்பு. முதல் இரண்டு வரி எல்லோருக்கும் தெரிந்தது, எடுத்துவிடு."

இரண்டாவது படியில் அவள் எழுதுகிறாள்: "மாமா பழத்தைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். காயென்றால் சத்தம் வேறாம், பழமென்றால் வேறாம். முள் விரிந்திருக்கிறதா என்று தடவியும் பார்ப்பார். நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாப் பழமும் ஒரே சத்தம்தான் போடுகிறது." கடைசி வரியைப் பாருங்கள். அதை எந்தக் கட்டுரைக் களஞ்சியத்திலிருந்தும் எடுக்க முடியாது. அந்த வரி அவளிடம் முன்பே இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது ஒரு கேள்வியும், மறுபடி எழுதக் கிடைத்த வாய்ப்பும்.

ஆகவே கேளுங்கள்: ஒரே கட்டுரையைப் பிள்ளை எத்தனை முறை எழுதுவாள்? வாரம் ஒரு புதுத் தலைப்பு, வருஷத்தில் நாற்பது கட்டுரை என்று பெருமையாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மாதம் ஒரு கட்டுரை, அதை மூன்று படியாக எழுதவைப்போம் என்பவர் தொழில் தெரிந்தவர். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நேரலையில் முப்பது பேரை வைத்துக்கொண்டு பாடம் நடத்தலாம், முப்பது பேரின் இரண்டாம் படியை வாராவாரம் படிக்க ஒரு ஆளால் முடியாது. ஆறு, எட்டு, மிஞ்சினால் பத்து.

இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல் அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை அது. திட்டமிடவும் திருத்தி எழுதவும் வழிமுறையைக் கைபிடித்துச் சொல்லித்தருவது, படித்ததைச் சுருக்கி எழுதவைப்பது, பிள்ளைகளைச் சேர்ந்து எழுதவைப்பது ஆகியவை நல்ல பலன் தந்தன. இலக்கணத்தை மட்டும் தனியாகப் பிரித்து நடத்தியது எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை, பலன் எதிர்மறையாகவே இருந்தது. இது ஆங்கிலத்துக்கான கணக்கு என்பது உண்மை. ஆனாலும் வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பட்டியலை மனப்பாடம் பண்ணவைத்த பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பட்டியல் ஒப்பிப்பான், கட்டுரையில் ஒற்று விடுவான். சந்தி தேவைதான். அவன் எழுதிய வரியில் அது விழுந்த இடத்தில் சொல்லிக்கொடுத்தால் நிற்கும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நான்சி ஆட்வெல் என்ற ஆசிரியை இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்து 1987இல் ஒரு புத்தகம் எழுதினார். உலக ஆசிரியர் பரிசு 2015இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. தலைப்பைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், படிக்கும் புத்தகத்தையும் அவனே எடுக்கட்டும், ஆசிரியர் ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசட்டும் என்பது அவர் வழி. ஆன்லைனில் அந்தத் தனிப்பேச்சு எப்போது, எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் என்றாலும் போதும். கிடையவே கிடையாது என்றால் அடுத்த வகுப்பைப் பாருங்கள்.

வெளிநாட்டு வகுப்புகளில் ஐந்து பத்திக் கட்டுரை என்று ஒன்றைப் பெரிதாகச் சொல்வார்கள். பயந்துவிடாதீர்கள். முன்னுரை, மூன்று பத்தி பொருளுரை, முடிவுரை. நாம் குறிப்புச்சட்டகம் போட்டு எழுதியது டாலர் விலையில் திரும்பி வருகிறது. தேர்வுக்கு அது உதவும். பன்னிரண்டு வயதில் வருஷம் முழுக்க அதையே எழுதவைத்தால், முன்னுரை எழுதத் தெரியும், சொல்ல விஷயம் இருக்காது.

டாலர் என்றதும் சில நடைமுறைகள். நியூயார்க்கில் காலை 10 மணி வகுப்பு நமக்கு இரவு 7.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 8.30 ஆகிவிடும், மார்ச்சில் திரும்ப 7.30. கலிபோர்னியாவின் மாலை 4 மணி வகுப்பில் சேர்த்தால் பிள்ளை விடியற்காலை 4.30க்கு எழ வேண்டும். 2020இலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு மேல் நாணய மாற்றுக் கட்டணம் என்று வங்கி தனியாகக் கொஞ்சம் பிடிக்கும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்ததையும் 2015 வெள்ளத்தையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சாதாரண மழைக்கே கரண்ட் போய், டவர் போய், இரண்டு நாள் இருட்டில் உட்காருகிறோம். முழுக்க நேரலையை நம்பியிருக்கும் வகுப்பு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு அரைகுறைதான். தவறிய வகுப்புக்குப் பதிவு உண்டா, தாளைப் பிறகு அனுப்பலாமா என்று சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து படிப்பது நமக்கொன்றும் புதிதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லேயே தொலைதூரக் கல்வியை ஆரம்பித்துவிட்டது. தபாலில் வந்த பாடம் மழைக்காகக் கெட்டுப்போனதில்லை. எழுத்து வகுப்பும் பெரும்பாலும் அப்படி நடக்கலாம், நடப்பது நல்லதும்கூட.

இனி இலக்கியம். இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வகுப்பு நடத்துபவர் தரும் புத்தகப் பட்டியலில் லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்', லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' இருக்கும். இரண்டும் நல்ல நாவல்கள், பிள்ளைகள் கீழே வைக்காமல் படிப்பார்கள். ஆனால் பட்டியல் முழுக்க அப்படியே இருந்தால், புத்தகத்தில் வரும் ஊர்கள் எல்லாம் வேறெங்கோதான் இருக்கும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுவான். அவன் எழுதும் கதையில் ஜானும் எமிலியும் வருவார்கள், பனி பெய்யும். பண்ருட்டியில் பனி!

இதில் நம் மாவட்டம் ஏழையில்லை. புதுமைப்பித்தன் பூர்வீகம் திருநெல்வேலி என்றாலும் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். கடவுள் கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு விருந்தாளியாக வரும் அவருடைய கதையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டுங்கள், கேலி எங்கே இருக்கிறது என்று அவனே பிடிப்பான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது நம் வீராணம் ஏரிக்கரையில். காட்டுமன்னார்கோவில் பஸ்ஸில் ஏறிப் போய்க் கரையில் நின்று முதல் அத்தியாயத்தைப் படிக்கலாம். எந்த ஆன்லைன் வகுப்பும் அதைத் தர முடியாது. மாவட்டத்தைத் தாண்டினால், கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பதினொரு வயதுக்கே ஏற்றது. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு 1935இல் வந்த ஆர். கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்'.

கடலூரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த இரா. நடராசன், 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர். அவருடைய 'ஆயிஷா' ஒரு மணி நேரத்தில் படித்து முடிக்கக்கூடிய கதை. கேள்வி கேட்கும் ஒரு சிறுமியைப் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்பதுதான் கதை. பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்த உங்களில் பலர் அதை முன்பே படித்திருப்பீர்கள். இலக்கிய வகுப்பை எடைபோட இதை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். இந்தக் கதையைப் பற்றிப் பிள்ளைகளிடம் என்ன கேட்பீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். "இக்கதையின் மூலம் ஆசிரியர் கூறும் கருத்து யாது?" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். "இதைச் சொல்வது ஒரு டீச்சர். ஆயிஷாவே சொல்லியிருந்தால் நமக்கு எது தெரியாமல் போயிருக்கும்?" என்கிற மாதிரி ஏதாவது கேட்டால், அங்கே சேர்த்துவிடுங்கள். முதல் கேள்விக்கு விடை நோட்ஸில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கதையைத் திரும்பப் புரட்ட வேண்டும். திரும்பப் புரட்டுகிறவன்தான் எழுதவும் கற்றுக்கொள்வான், யார் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்று பார்க்கப் பழகிவிடுவான் அல்லவா?

எந்த மொழி வகுப்பு என்பதில் உங்கள் வீட்டில் சண்டை நடக்கும் என்று தெரியும். என் பேச்சு சுருக்கம்: ஆங்கில வகுப்பு ஒன்றில் சேர்த்தால் தமிழை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கு மாமா பேசுவது தமிழில்தான் காதில் விழுகிறது. தமிழுக்குக் காசே தேவையில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளம், பாடநூல் வேண்டுமென்றால் அரசு தளம். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு உறுப்பினர் அட்டை வாங்குங்கள்.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாளைத் திருத்துவது ஆளா, செயற்கை நுண்ணறிவா என்று நேராகக் கேளுங்கள். "இரண்டும்" என்று மழுப்பினால் மாதிரித் தாளில் தெரிந்துவிடும். மாமாவின் மண்டியைப் பற்றிக் கேட்காமல், விவரணைச் சொற்களைக் கூட்டு என்று சொல்லியிருக்கும். பிள்ளை அதைப் பயன்படுத்தலாமா என்றால், சாட்ஜிபிடிக்காரர்களே பதின்மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். முதல் படி கையெழுத்தில், நோட்டில். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேமரா, வகுப்புப் பதிவு விஷயத்திலும் கூச்சப்படாமல் பேசுங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகளாகவே கணக்கிடுகிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழியும் என்று கேட்பது உங்கள் உரிமை.

பரீட்சைக்கு என்ன செய்வது என்று தாத்தாக்கள் கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது ஆகியிருக்க வேண்டும், தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. கடிதம், பத்தி, சுருக்கம் என்கிற தேர்வு வடிவங்களைக் கடைசி ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு அது பெரிய வேலையில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷத்து ஃபீஸை முன்பணமாகக் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும். ஒரு மாதம் கட்டி, திரும்பி வரும் முதல் தாளைப் பாருங்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால், கடலூரில் இரண்டு குடும்பமும் சிதம்பரத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்தாலே ஒரு பேட்ச் ஆகிவிடும். சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற தமிழ், ஆங்கிலப் பேராசிரியர்களுக்குப் பஞ்சமா? வாரம் ஒருமுறை ஜூமில் கதை பேசட்டும், மாதம் ஒருமுறை தாள்கள் ஊர் மாறட்டும். சிதம்பரத்துப் பிள்ளை எழுதியதைக் கடலூர்ப் பிள்ளை படித்து மூன்று கேள்வி எழுதி அனுப்பட்டும். பிச்சாவரத்தைப் பார்த்தே இராதவள் கேட்கும் கேள்விதான் பிச்சாவரத்தைப் பற்றி எழுதியவனுக்கு வேண்டும்.

அப்படி ஒன்று ஆரம்பித்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்பக்கம் மூன்று விரல் அகலம் விட்டு, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்கும் எழுத இடம் வேண்டும்.

அன்புடன்,
சிதம்பரத்திலிருந்து ஒரு தமிழாசிரியை